மாமா ஆடாத ஆட்டங்கள்

நான் கணக்கை வாசித்துக் காட்டிய அன்று வலைக் கொட்டகையில் பெரியப்பா இருந்தார், என் அப்பா, அதான் நைனா, இருந்தார், கோல் காக்கிற பெரியப்பா மகன், அதாவது என் அண்ணன் இருந்தான். டீமில் ஆடுகிற பத்துப் பன்னிரண்டு பேர் வலைக் குவியல் மேலும் மிதவைகள் மேலும் குந்தியிருந்தார்கள். டீமுக்குச் சம்பந்தமே இல்லாத டீக்கடைக்காரர்கூட அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்து எட்டிப் பார்த்தார். மாமா மட்டும் இல்லை. கல்யாணப் பத்திரிகை அடிக்கக் கொடுப்பதற்காகப் பொன்னேரிக்குப் போயிருந்தார். நான் வாசித்த கணக்கு அவரைப் பற்றியது.

அப்போது நான் ஏழாவது படித்தேன். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் ஐந்தாவதைத் தாண்டியவர் யாரும் இல்லை. சதவீதம் என்ற சொல்லை வீட்டுக்குள் கொண்டுவந்தவனே நான்தான் என்று வைத்துக்கொள்ளலாம். டீக்கடை டிவியில் ஒரு வெளிநாட்டுக் கால்பந்து ஆட்டம் பார்த்தபோது, இடைவேளையில் திரை முழுக்க எண்கள் வந்தன. பந்து எந்த அணியிடம் எவ்வளவு நேரம் இருந்தது, கோலை நோக்கி எத்தனை முறை அடித்தார்கள், எத்தனை கார்னர் என்று வரிசையாக. மற்றவர்கள் அதுதான் சமயம் என்று எழுந்து வெளியே போய்விட்டார்கள். நான் மட்டும் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆட்டத்தைவிட அந்த எண்கள் எனக்குப் பிடித்துவிட்டன. நம் ஊர் டீம் ஏன் சில நாள் ஜெயிக்கிறது, ஏன் சில நாள் தோற்கிறது என்பதற்கும் இப்படி ஒரு காரணம் எண்களுக்குள் ஒளிந்திருக்கும் என்று தோன்றியது.

மறு ஞாயிற்றுக்கிழமையே ஆரம்பித்தேன். வலைக் கொட்டகையின் பின்சுவர்தான் என் பலகை. கரிக்கட்டையால் கட்டங்கள் போட்டேன். முதலில் எத்தனை முறை கோலை நோக்கி அடித்தார்கள் என்று எண்ணினேன். அதிகம் அடிக்கிற பக்கம்தான் ஜெயிக்கும் என்பது என் முதல் ஊகம். நான்கு ஆட்டத்திலேயே அது படுத்துவிட்டது. எங்கள் ஆட்கள் எங்கிருந்து வேண்டுமானாலும் அடிப்பார்கள், பாதிப் பந்து ஏரிக்குள்தான் போய் விழும். அடுத்தது காற்று. எங்கள் மைதானம் ஏரிக்கரை மணல் திட்டு. வாடைக் காற்று முதுகுப் பக்கம் இருக்கிறபோது யாருக்குமே கோல் விழும், அதில் எங்களுக்கென்று தனிச் சலுகை இல்லை. வெறுங்காலோடு ஆடியவர்கள் எத்தனை பேர், ஷூ போட்டவர்கள் எத்தனை பேர் என்று பார்த்தேன். ஆட்டத்துக்கு முன்னால் பழைய சோறு சாப்பிட்டு வந்தவர்களை எண்ணப் போய், "இவன் இன்னாடா வயித்த எட்டிப் பாக்கறான்" என்று ஒருவரிடம் குட்டு வாங்கினேன். எதுவும் தேறவில்லை.

கடைசியில் யார் யார் ஆடினார்கள் என்று பேர் பேராக எழுதிப் பார்த்தேன். இதற்கு எங்கள் ஊரில் ஒரு வசதி உண்டு. எங்கள் பக்கத்தில் ஏரியையே முறை வைத்துத்தான் பிரித்துக்கொள்வார்கள். மீன் படுகிற இடத்துக்குப் பாடு என்று பெயர். இன்ன நாள் இன்ன பாட்டில் இன்ன குடும்பம் வலை போட வேண்டும் என்று சீட்டுக் குலுக்கி முடிவு செய்துவிடுவார்கள். ஊர் டீமும் அதே வழியில்தான் நடந்தது. இருபத்திரண்டு பேர், பதினோரு இடம், முறை வந்தவன் ஆடுவான். வேண்டுமென்றால் தன் முறையை இன்னொருவனுக்கு விட்டுக்கொடுத்து, பிறகு அவன் முறையைத் தான் வாங்கிக்கொள்ளலாம். யார் நன்றாக ஆடுகிறான் என்று கேட்டு ஆள் எடுப்பது எங்கள் ஊரில் கொஞ்சம் அநாகரிகமாகவே கருதப்பட்டது. அதனால் ஒவ்வொரு ஞாயிறும் வேறு வேறு ஆட்கள் இறங்கினார்கள். யார் இருந்தால் என்ன ஆகிறது என்று பார்க்க எனக்கு அது மிகவும் தோதாகப் போயிற்று.

அப்படிப் பார்த்ததில் ஒரு பெயர் மட்டும் தனியாகத் துருத்திக்கொண்டு நின்றது. மாமா ஆடிய ஆட்டம் ஏழு, அதில் தோற்றது ஐந்து. மாமா ஆடாத ஆட்டம் ஒன்பது, அதில் தோற்றது ஒன்றே ஒன்று. எனக்கே நம்பமுடியவில்லை. மாமா அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. ஊரிலேயே நன்றாக ஓடுகிறவர், இரண்டு காலாலும் அடிப்பார். என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு பழவேற்காடு கடைத்தெருவைச் சுற்றிக் காட்டியவர். ஆனால் கணக்கு கணக்குதானே. மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே என்று இரண்டு விதமாகவும் கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் கொட்டகைக்குப் போனேன்.

வாசித்து முடித்தேன். பெரியப்பா தொண்டையைச் செருமினார். டீமை மேய்ப்பவர் அவர்தான். படகும் அவருடையதுதான். மாமா அந்தப் படகில்தான் தொழிலுக்குப் போய்க்கொண்டிருந்தார்.

"இந்த சதவீதம் கிதவீதம்லாம் இருக்கட்டும். சுருக்கா சொல்லு. அவன் எறங்கினா தோக்கறோம், எறங்காட்டி ஜெயிக்கறோம். அதானே?"

"ஆமா பெரிப்பா."

"அப்போ ராசியில்லன்னு சொல்லு. அதுக்கு எதுக்குடா இம்மாம் கோடு?"

அண்ணன், "அதுக்கில்ல நைனா, அவரு ஆடற ஆட்டமெல்லாம்..." என்று தன் அப்பாவிடம் ஏதோ ஆரம்பித்தான். பெரியப்பா கையைக் காட்டி நிறுத்திவிட்டார். படகில் யார் ஏறிய அன்று மீன் பட்டது, யார் ஏறிய அன்று வலை வெறுமனே வந்தது என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டே இருக்கிறவர் அவர். நான் சுவர் முழுக்கக் கிறுக்கிச் சொன்னதை அவர் முப்பது வருடமாகச் சுவரே இல்லாமல் செய்து வந்திருக்கிறார். அவருக்கு என் கணக்கு உடனே புரிந்தது. எனக்கு ஒரே பெருமை. பள்ளிக்கூடத்தில் கற்ற ஒன்றை ஊர்ப் பெரியவர்கள் ஒத்துக்கொள்வது அதுதான் முதல் தடவை.

"அப்ப பொங்கலுக்கு மச்சான் வெளிய குந்தட்டும்" என்று நைனாவும் சொல்லிவிட்டார். சொன்ன பிறகு, வீட்டுக்குப் போய் இதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தவர் மாதிரி தலையைச் சொறிந்துகொண்டார்.

காணும் பொங்கல் அன்று, ஏரிக்கு அக்கரையில் இருக்கிற லைட்ஹவுஸ் குப்பத்தோடு ஆட்டம். வருடா வருடம் நடப்பதுதான். தோற்ற ஊர் அடுத்த ஞாயிறு ஜெயித்த ஊருக்கு விருந்து போட வேண்டும். தினமும் மீன் தின்கிற எங்களுக்கு விருந்து என்றால் மட்டன் பிரியாணிதான், அதுவும் பழவேற்காட்டில் பாய் வந்து ஆக்கித் தருவது. அந்த வருடம் கூடுதலாக ஒரு விசேஷம் இருந்தது. மாமாவுக்குப் பெண் பேசி முடித்திருந்ததும் அதே குப்பத்தில்தான். பெண்ணின் அண்ணன்தான் அவர்கள் டீம் கேப்டன். மாமனார் வீட்டார் கண் முன்னால் ஆடப்போகிறோம் என்று மாமா ஒரு மாதமாகப் புது ஷூவை எடுத்துத் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தார்.

பொன்னேரியிலிருந்து வந்தவரைக் கையைப் பிடித்துச் சுவருக்கு முன்னால் கூட்டிக்கொண்டு போனேன். குச்சியை வைத்து ஒவ்வொரு கட்டமாக விளக்கினேன். முழுக்கக் கேட்டார்.

"கரெக்டா எண்ணிக்கிறியா மாப்ள?"

"ரெண்டு தபா கூட்டிப் பாத்தேன் மாமா."

"அப்ப சரி" என்று சொல்லி என் தலையில் தட்டிவிட்டுப் போனார். என் கணக்கைப் பாராட்டிவிட்டுப் போகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் விஷயம் பந்தோடு நிற்கவில்லை. மறுநாள் விடிகாலையில் மாமா துடுப்பும் சோற்றுத் தூக்கும் எடுத்துக்கொண்டு கிளம்பியபோது பெரியப்பா, "கண்ணாலப் புள்ள, கொஞ்ச நாளு ரெஸ்ட் எடேன். கரையில வல பொத்தலாக் கெடக்குது, அத்தப் பாரு" என்றார். குரலில் அவ்வளவு கரிசனம். மாமா இடத்தில் வேறு ஆள் ஏறினான். போதாததற்கு அன்று இறால் நன்றாகப் பட்டுவிட்டது. மாமா கரையில் உட்கார்ந்து கிழிசல் வலையை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். கல்யாணத்துக்குப் பணம் சேர்க்க வேண்டிய நாட்கள் அவை.

இரண்டே நாளில் சேதி அக்கரைக்குப் போய்விட்டது. பெண்ணின் பெரியம்மா சும்மா வந்த மாதிரி எங்கள் வீட்டுக்கு வந்தாள். டீ குடித்தாள், கோழி எத்தனை முட்டை போடுகிறது என்று விசாரித்தாள், எழுந்திருக்கும்போது, "ஒண்ணியுமில்ல, ஜாதகத்த இன்னொரு தபா பாத்துக்கலாமான்னு எங்க ஊட்ல கேட்டாங்கோ" என்றாள். அவள் படகேறும்வரை அம்மா சிரித்த முகமாகவே இருந்தாள். பிறகு நைனா பக்கம் திரும்பினாள்.

"உம் புள்ள செவுத்துல கோடு போட்டான்னு எந் தம்பி பொழப்புல மண்ணு உழுது. நீ வேற ஆமாஞ்சாமி போட்டுகினு வந்துகிற!"

"நான் இன்னாத்த சொன்னேன்? கணக்கு சொல்லுது."

"கணக்கா வந்து சோறு போடும்? நாளைக்குப் பொண்ணூட்ல வேணாம்னுட்டா உன் அண்ணனா பொண்ணு குடுப்பாரு?"

என்னை அவள் திட்டவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. சாயங்காலம் அம்மன் கோயிலுக்குப் போய் வெகுநேரம் கண்ணை மூடி நின்றாள். எனக்கு அரைப் பரீட்சை மார்க் வரவேண்டிய சமயம், அதற்காகத்தான் வேண்டிக்கொள்கிறாள் என்று நினைத்தேன்.

காணும் பொங்கலன்று இரண்டு ஊரும் திரண்டு வந்திருந்தன. பிள்ளைகளுக்குக் கரும்பு, பெண்களுக்குக் கவிழ்த்துப் போட்ட படகுகளின் நிழல். மாமா புது ஷூவைப் போட்டுக்கொண்டுதான் வந்தார். ஆனால் கோட்டுக்கு வெளியே போய் மணலில் உட்கார்ந்துகொண்டார். அவருக்குப் பின்னால் கொஞ்ச தூரத்தில் பெண் வீட்டார். நான் அம்மா பக்கத்தில் கையில் கரிக்கட்டையும் ஒரு அட்டையுமாக உட்கார்ந்தேன்.

ஆரம்பத்திலேயே நாங்கள் ஒரு கோல் போட்டோம். ஊரே எழுந்து குதித்தது. பெரியப்பா மாமா பக்கம் திரும்பி, பார்த்தாயா என்பது போல மெதுவாகத் தலையை ஆட்டினார். பெண்ணின் பெரியம்மா பக்கத்தில் இருந்தவளின் காதில் ஏதோ சொன்னாள். மாமா கை தட்டினார், ஆனால் முகம் வெளுத்துப்போயிருந்தது. நான் அம்மாவின் தோளைப் பிடித்து உலுக்கினேன். அவள் கரும்பைக் கடித்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, கோலு! நம்ம கோலு!"

"பாத்தேன். கண்ணு இருக்குது."

இடைவேளைக்குப் பிறகு காற்று அவர்கள் முதுகுக்கு வந்தது. ஒன்று போட்டார்கள். அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். இன்னொன்றும் போட்டார்கள். அம்மா தன் கரும்பில் பாதியை ஒடித்து எனக்குக் கொடுத்தாள். கேட்காமலே கொடுத்தாள். நான் அதை மடியில் வைத்துக்கொண்டு அட்டையில் கோடு போட்டேன்.

மாமாவைப் பார்த்தேன். தோற்றால்தான் அவருக்குப் பிழைப்பு, ஜெயித்தால் ஆயுசுக்கும் ராசியில்லாதவன் என்ற பேர். இது அன்று எனக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும். ஆனாலும் அந்த மனிதனால் சும்மா இருக்க முடியவில்லை. எங்கள் ஆள் ஒருவன் இடது பக்கம் காலியாகக் கிடப்பதைப் பார்க்காமல் கூட்டத்துக்குள் பந்தை ஓட்டிக்கொண்டு போனபோது, துள்ளி எழுந்து நின்று, "லெப்ட்ல உடுடா! டேய், லெப்ட்ல காலியாக்கீதுடா, உடுடா!" என்று தொண்டை கிழியக் கத்தினார். அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். அவனும் கேட்டுவிட்டான், இடது பக்கம் விட்டான். அங்கே மாமாவின் இடத்தில் ஆடிய பையன் கோலுக்கு நேரே நின்றிருந்தான். நிதானமாக நிறுத்தி, நிதானமாகப் பார்த்து, பந்தை ஏரிக்குள் அடித்தான்.

அது கரையோரம் விழுந்திருந்தால்கூடப் பரவாயில்லை. வாடைக் காற்று அதைத் தள்ளிக்கொண்டு போய்விட்டது. ஒரு படகை இழுத்துத் தண்ணீரில் விட்டு, இரண்டு பேர் போய் எடுத்து வருவதற்குள் நடுவருக்குப் பொறுமை போய்விட்டது. விசில் ஊதிவிட்டார். ஒன்றுக்கு இரண்டு. "அப்பாடா" என்று அம்மா வாய்விட்டே சொன்னாள். ஊரே தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனபோது அவள் மட்டும் சேலை மணலைத் தட்டிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள். மறுநாள் அம்மனுக்குத் தேங்காய் உடைத்தாள். ஏன் என்று கேட்டதற்கு, "ஊரு நல்லாருக்கணும்னு" என்றாள்.

நான் கொட்டகைச் சுவருக்குப் போய், மாமா ஆடாத ஆட்டங்களின் வரிசையில் தோற்றது இரண்டு என்று திருத்தினேன். ஒரு ஆட்டத்தால் சராசரி கவிழ்ந்துவிடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு விருந்து. கொட்டகையிலேயே பந்தி. பாய் தம் உடைத்ததும் ஏரிக்கரை முழுக்க மணத்தது. பெண்ணின் அண்ணன், அவர்கள் கேப்டன், கறித்துண்டைக் கையில் வைத்துக்கொண்டே சத்தமாகக் கேட்டார்: "அது இன்னாபா, எங்க மாப்ளய வெளிய குந்த வெச்சிட்டீங்க? எங்களோட ஆடறப்பலாம் யாருகிட்டனாச்சும் மொற வாங்கியாவது அவரு எறங்குவாரே. சோப்ளாங்கி டீமு வந்தா மொறய சின்னப் பசங்களுக்கு வுட்டுட்டு டீக்கடைல குந்தினு இருப்பாரு. கஷ்டமான ஆட்டத்துல ஆடற ஆள, அதுலயே நிறுத்தினா எப்டி?"

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் என்னைப் பார்த்து, "அத்தத்தாண்டா அன்னிக்கே சொல்ல வந்தேன்" என்றான். ஊருக்கே தெரிந்த சங்கதி அது. எல்லோருக்கும் தெரியும் என்பதாலேயே ஒருத்தரும் எனக்குச் சொல்லவில்லை. என் சுவரில் எதிரில் ஆடியது எந்த ஊர் என்பதற்கு ஒரு கட்டம்கூட இல்லை. பிற்பாடு கல்லூரியில் புள்ளியியல் எடுத்துப் படித்தபோது, இந்தத் தவறுக்கென்றே தனியாக ஒரு பாடம் இருப்பது தெரிந்தது. வகுப்பில் எல்லோரும் எழுதிக்கொண்டிருக்க நான் மட்டும் சிரித்துவிட்டு வெளியே நிற்க வேண்டியதாயிற்று. ஆனால் அன்று பந்தியில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. "அவரு ஆடியிருந்தாலும் தோத்துத்தான் இருப்போம், கணக்குப்படி" என்றேன். மாமாதான் எல்லோரையும்விட உரக்கச் சிரித்தார்.

பெரியப்பா ஒரு எலும்பை வெகுநேரம் உறிஞ்சிவிட்டு, யாரையும் பார்க்காமல், "நாளைக்கு நாலு மணிக்கு வந்துடு. லேட் பண்ணாத, படகு நிக்காது" என்றார். மாமா "சரிண்ணா" என்றார். பெண்ணின் பெரியம்மா அன்று ஜாதகம் பற்றி மூச்சு விடவில்லை. பத்திரிகை எந்தக் கலரில் அடிக்கிறீர்கள் என்று அம்மாவிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

சாப்பிட்டவர்கள் படகேறிப் போன பிறகு செலவைப் பிரித்தார்கள். அரிசி, கறி, பாயின் கூலி எல்லாம் சேர்த்து ஆளுக்கு முந்நூற்றைம்பது வந்தது. அந்தக் காலத்துக்கு எங்களுக்கு அது பெரிய தொகை. எல்லோரும் முணுமுணுத்துக்கொண்டே சட்டைப் பையில் கைவிட்டார்கள். "கணக்குப்புள்ளயும் டீமுதானே, அவனும் ஒரு தலதான்" என்று யாரோ கிண்டலாகச் சொன்னார்கள். பெரியப்பா, "ஆமா, அவனுக்கும் போடு" என்றுவிட்டார். நான் நைனா முகத்தைப் பார்த்தேன். நைனா எழுந்திருப்பதற்குள் மாமா முந்திக்கொண்டார். ஆடாத ஆட்டம், வேலைக்குப் போகாத வாரம், கையில் இருந்ததோ கல்யாணக் காசு. அதிலிருந்து தன் பங்கையும் என் பங்கையும் சேர்த்து, ஏதோ நாங்கள்தான் கோப்பையைத் தூக்கிவிட்டது போலச் சிரித்துக்கொண்டே எண்ணி வைத்தார். தோற்ற டீமில் ஒரு ஆளுக்கு மட்டும் அவ்வளவு சந்தோஷம் எங்கிருந்து வந்தது என்று எனக்குப் பிடிபடவே இல்லை. ஆடமுடியாமல் போன வருத்தத்தில் மாமாவுக்குத் தலையில் ஏதோ ஆகிவிட்டது என்றுதான் பயந்தேன். பெரியப்பா எச்சில் தொட்டு இரண்டாம் முறை எண்ணிப் பார்த்துவிட்டுச் சரி என்றார். எழுநூறு ரூபாய்.